தெற்கு வீதி முக்கில் சாமி நிற்கட்டும்

காவிரிக் கரைக் கோயில்களின் திருவிழாக் குழுவினருக்கும் மண்டகப்படி உபயதாரர்களுக்கும்,

வணக்கம்.

பங்குனி உத்திரம் முடிந்து பந்தல் பிரித்தாயிற்று. வைகாசித் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும் வேலையை உங்களில் பலர் இந்நேரம் தொடங்கியிருப்பீர்கள். நோட்டீஸ் அச்சகத்துக்குப் போவதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

நான் வித்வான் அல்ல. குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் கரை ஊரில் பிறந்தவன். நெல் மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதினேன். நாயனத்தை, அதாவது நாதஸ்வரத்தை, கேட்க மட்டும் தெரியும். அதுவும் என் அப்பா பழக்கிக் கொடுத்தது.

இந்தப் பங்குனியில் ஓர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கிருப்பவர்கள் நல்லவர்கள், எல்லாவற்றையும் பக்தியோடுதான் செய்தார்கள். கோயில் வாசலில் 'மறைந்த இசை மேதைகளுக்கு நினைவஞ்சலி' என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். நடுவில் நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. ஒரு பக்கம் காருகுறிச்சி அருணாசலம், மறுபக்கம் ஷேக் சின்ன மௌலானா. கீழ் வரிசையில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஹனிபா. முன்னால் ஒரு குத்துவிளக்கு, ரோஜா மாலைகள். ஊர்ப் பெரியவர் ஒருவர் விளக்கேற்றினார். ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரையும் ஒரே இடத்தில் வைத்துக் கும்பிட ஓர் ஊருக்கு மனம் வந்ததே என்று மகிழ்ந்துபோனேன்.

இரவு பத்து மணிக்குப் புறப்பாடு. மேளம் ஒரே செட்டு. நாயனக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தவில்காரர் அவருடைய மைத்துனர். தவில்காரர் வாகனத்துக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து, சின்னத் தகர டப்பா ஒன்றைத் திறந்து, விரல் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வலது கை விரல்களில் மாட்டிக்கொண்டார். நாயனக்காரர் நாயனத்தின் கழுத்தில் தொங்கிய கொத்திலிருந்து, வாய் வைத்து ஊதும் நாணல் சீவாளி ஒன்றை எடுத்தார். நாக்கில் நனைத்து ஊதிப் பார்த்தார், சரிப்படவில்லை. இன்னொன்று, அதுவும் சரிப்படவில்லை. மூன்றாவதைப் பொருத்தி ஆதார சுரமான ஷட்ஜத்தை ஒரு முறை பிடித்ததும் முகம் தெளிந்தது. கம்பீர நாட்டை ராகத்தில், சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி தொடங்கியது. சாமி கோபுர வாசலைத் தாண்டி வெளியே வந்தது.

தேரடிக்கு வந்து சாமி நின்றபோது தோடி ராகத்தை எடுத்தார். அவசரமே இல்லை. காந்தாரத்தில் போய் நின்றார். தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கும் சுரமல்ல. ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் போல அசைந்துகொண்டே நிற்கும். அந்த அசைவை அவர் மெதுவாகப் பெரிதாக்கினார். நான் பேனரில் இருந்த ராஜரத்தினம் பிள்ளையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் வாகனத்துக்குப் பின்னால் மினி லாரியில் இருந்த ஜெனரேட்டரை முடுக்கினார்கள். நாயனக்காரர் ஒரு விநாடி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். குழுவைச் சேர்ந்த ஒரு தம்பி கையிலிருந்த டார்ச் விளக்கை ஆட்டிக்கொண்டே வந்தார். "வாணம் விட நேரமாயிற்று. சாமி நகரட்டும். நீங்கள் சின்னதாக ஒன்று வாசித்து முடித்துவிடுங்கள்" என்றார். குரலில் மரியாதைக் குறைவு இல்லை. அவருக்கு அவருடைய வேலை.

நாயனக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். தோள் துண்டால் துடைத்தார். மைத்துனரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு துக்கடாவை வாசித்துக்கொண்டே நடக்கத் தொடங்கினார். நான் மணி பார்த்தேன். மல்லாரியையும் தோடியையும் சேர்த்து எட்டு நிமிடம். அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, வானத்தில் வாணம். சாமி நான்கு வீதியையும் முக்கால் மணி நேரத்தில் சுற்றிவிட்டு வந்துவிட்டது.

அந்த எட்டு நிமிடத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

பேனரின் நடுவில் இருந்தவரை எடுத்துக்கொள்வோம். 1898-இல் திருமருகலில் பிறந்து 1956 டிசம்பர் 12-ஆம் தேதி மறைந்தவர். அவர் காலத்துக்கு முன் நாயனம் என்றால் பெரும்பாலும் திமிரி. குட்டையானது, உச்ச சுருதி. அதைவிட நீண்ட பாரி நாயனத்தை, சுத்த மத்தியம சுரம் சரியாகச் சேரும்படி, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து அவர் செய்வித்தார். நாயனத்துக்கு அந்தக் கனத்த, ஆழ்ந்த குரல் வந்தது அப்படித்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆச்சா மரத்தில் கடைந்த உலவு என்னும் குழல் அங்கே; காவிரி, கொள்ளிடக் கரை நாணல் தட்டையை வெட்டி, காயவைத்து, வேகவைத்து, நசுக்கி, நூல் சுற்றிக் கட்டும் சீவாளி பக்கத்தில் திருவாவடுதுறையில். மரமும் நாணலும் கையும் காதும் எல்லாம் இங்கேயே இருந்தன. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று வாசிக்க வேண்டியிருந்த தொழிலை, மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்கும் தொழிலாக மாற்றியவரும் அவர்தான். 1947 ஆகஸ்டில், சுதந்திரத்தின்போது, திருவாவடுதுறை ஆதீன மடத்தின் சார்பில் செங்கோலோடு டெல்லி சென்றவர்களோடு சென்று வாசித்ததும் அவர் நாயனம்தான்.

ஆனால் அவரை உருவாக்கியது டெல்லி அல்ல. சென்னைச் சபாக்களும் அல்ல. அவர் அங்கே போகும்போது முழுமையாகத்தான் போனார். அவரை முழுமையாக்கியது நம்முடைய வீதிகள். இரவு பத்து மணிக்குப் புறப்பட்ட சாமி விடிகிற வேளையில் கோயிலுக்குத் திரும்பும் வீதிகள். ஒவ்வொரு முக்கிலும் தாங்குகட்டையைக் கொடுத்து வாகனத்தை நிறுத்திவிட்டு, 'வாசியுங்கள் ஐயா' என்று சொல்லிக் கீழே உட்கார்ந்துவிட்ட ஊர்கள். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வாசிக்க வேண்டுமென்றால் வாசிப்பவரிடம் சரக்கு இருக்க வேண்டும்; கேட்பவர்களிடம் பொறுமை இருக்க வேண்டும். சரக்கு அவரிடம் இருந்தது. பொறுமையை நம் தாத்தாக்களும் பாட்டிகளும் கொடுத்தார்கள். அறுப்பு முடித்த களைப்போடு வந்து, வைக்கோலைப் பரப்பி அதில் சாய்ந்துகொண்டு கொடுத்தார்கள். ராஜரத்தினத்தின் தோடியில் அந்தப் பொறுமைக்கும் பங்கு இருக்கிறது.

என் அப்பா அவரை நேரில் கேட்டவர். ஆதீனத்துக் குருபூஜைக்கு ஊரிலிருந்து நடந்தே போய்க் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் இசைத்தட்டுப் பெட்டி கிடையாது. மண்டி முதலாளி வீட்டில் இருந்தது. அங்கே தோடித் தட்டைப் போடுவார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்போல ஓடும். தட்டைத் திருப்பிப் போட வேண்டும். தெருவே கூடி நின்று கேட்கும். நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இன்றைக்கும் அதைக் கேட்டால் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் அப்பா அதைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்வார்: "இது வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறது. உள்ளே போக வேண்டுமானால் ராத்திரி முழுக்க வேண்டும்."

எனக்கு அந்த உள்ளே கொஞ்சம் வாய்த்திருக்கிறது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, எங்கள் ஊர்த் திருவிழாவில். வாசித்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர், வயதானவர், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. தெற்கு வீதி முக்கில் சாமி நின்றது. நாயனத்துக்குப் பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். அது இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலும், நாயனத்தோடு சுருதி ஊதும் ஒத்துக்குள்ளே கலந்துவிட்டதுபோல இருந்தது. பெரியவர் காம்போதி ராகத்தை எடுத்தார். எடுத்தவர் வாசிக்கவில்லை, தேடிக்கொண்டிருந்தார். ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதே சுரத்துக்கு வேறு வழியாகப் போனார். கூட்டத்தில் சிலர் தூங்கிவிட்டார்கள். எனக்கும் கண் செருகியது. எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது, அப்பா என் தோளை அழுத்தினார். விழித்துப் பார்த்தேன். பெரியவர் மேல் ஷட்ஜத்தில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்து, ஒலி மட்டும் அசையாமல் நின்றது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். சாமி தூக்கும் ஆள் ஒருவர், முரட்டு மனிதர், தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் கீழே இறங்கி வந்து நிறுத்தியபோது யாரும் கை தட்டவில்லை. எங்கோ வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அதற்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ பெரிய வித்வான்களைக் கேட்டிருக்கிறேன். செம்பொனார்கோயில் பரம்பரையின் ரக்தியைக் கேட்டிருக்கிறேன். பாட்டு எதுவும் இல்லாமல், சொற்கட்டையும் தாளக் கணக்கையும் மட்டுமே வைத்து நாயனமும் தவிலும் சேர்ந்து கோபுரம் கட்டுவதுபோல எழுப்புவார்கள். ஸ்ரீரங்கத்தில் சின்ன மௌலானாவைக் கேட்டிருக்கிறேன். 1924-இல் ஆந்திராவின் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாயனம் வாசித்த இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சாவூர்ப் பாணியின் மேல் கொண்ட ஆசையால் நாச்சியார்கோவில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து கற்று, அரங்கன் ஊரையே தன் ஊராக்கிக்கொண்டார். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, அடுத்த வருடம் மறைந்தார். அப்படித்தான் தெற்கே காருகுறிச்சியிலிருந்தும் ஓர் இளைஞர் திருவாவடுதுறைக்கு வந்து ராஜரத்தினத்தோடு இருந்து கற்றார். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகி அம்மாவின் குரலோடு அவர் நாயனம் ஆபேரியில் பேசியது தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? 1921-இல் பிறந்தவர் 1964-இல் போய்விட்டார். நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. இத்தனை தூரத்திலிருந்தும் அவர்களை நம் மண்ணுக்கு இழுத்தது நம்மிடம் இருந்த கேட்கும் காதுதான்.

ஆனாலும் மறைந்தவர்களை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஒரு கண்ணில் பூ விழுந்த அந்தப் பெரியவர்தான். சில வருடங்களுக்கு முன் அவர் பெயரைத் தேடி எங்கள் கோயில் பெட்டியில் இருந்த பழைய நோட்டீஸ்களை எடுத்துப் பார்த்தேன். கதாகாலட்சேபம் செய்தவர் பெயர் இருக்கிறது. நாடகக் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. உபயதாரர்கள் பெயர் தகப்பனார் பெயரோடு இருக்கிறது. மேளத்துக்கு நேரே 'உள்ளூர் மேளம்' என்று மட்டும் அச்சிட்டிருந்தது. வருடா வருடம் அப்படியே. முப்பது, நாற்பது வருடம் எங்கள் சாமிக்கு முன்னால் மூச்சைக் கொடுத்த மனிதருக்கு நாங்கள் கொடுத்த பெயர் அது.

நம் காவிரிக் கரைக்கு மறைந்த இசைக்காரர்களை நினைக்கத் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். திருவையாற்றைப் பாருங்கள். தியாகையர் மறைந்தது 1847-இல். பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் உடைமைகளை விற்று அங்கே சமாதிக் கோயில் எழுப்பினார். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்த காலத்தில் பெண்களைத் திரட்டிப் பாட வைத்தார். 1952-இல் மறைந்த அவர், சமாதியைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருக்கிறார். இன்றும் தை மாதத்தில் பகுள பஞ்சமியன்று ஆற்றங்கரையில் எத்தனை நூறு பேர் கூடுகிறார்கள்! பெரிய பாடகரும் பாட்டு வாத்தியாரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே மணலில் உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தையும் பாடி முடிக்கிறார்கள். தியாகையரின் பெருமையைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை. அவர் விட்டுச் சென்றதைத் திரும்பச் செய்கிறார்கள்.

தியாகையர் விட்டுச் சென்றது பாட்டு. ஏட்டில் இருக்கிறது, அச்சில் இருக்கிறது, நாளைக்கும் பாடலாம். சீர்காழி கோவிந்தராஜன் 1988-இல், ஐம்பத்தைந்து வயதில் மறைந்தார். 'விநாயகனே வினை தீர்ப்பவனே' இன்று அதிகாலையிலும் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் கேட்டது. நாகூர் ஹனிபா 2015-இல் மறைந்தார். 'இறைவனிடம் கையேந்துங்கள்' எங்கே ஒலித்தாலும் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனும் ஒரு நிமிடம் நின்று கேட்கிறான். அவர்களை நினைக்கப் பாட்டு இருக்கிறது, ஒலிநாடா இருக்கிறது. ராஜரத்தினம் விட்டுச் சென்றது பாட்டு அல்ல. ஒரு ராகத்தை எழுப்பும் வழி. அதற்கு ஏடு கிடையாது. தவிலில் நீடாமங்கலத்தார் 1949-இல் விட்டுச் சென்றதும் அப்படிப்பட்டதுதான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற சொல். இவையெல்லாம் யாராவது வாசித்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே உயிரோடு இருக்கும். வாசிக்க இடமும் நேரமும் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை விரலில் அது ஏறாது.

அன்றைய திருவிழாவில் நடந்ததை நான் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ராஜரத்தினம் பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டோம். அவருடைய தோடியை இருபதடி தூரத்தில் ஒருவர் எழுப்பிக்கொண்டிருந்தபோது நிறுத்தச் சொன்னோம்.

மறுநாள் காலை அந்த நாயனக்காரரோடு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் லோடு ஆட்டோ ஓட்டுகிறாராம். முகூர்த்த மாதங்களிலும் முன்புபோல இல்லை. கல்யாண மண்டபங்களில் செண்டை மேளம் வரவழைக்கிறார்கள், தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டி மேளம் மட்டும் இவர்களிடம் கேட்கிறார்கள். செண்டைக் கலைஞர்கள் மேல் அவருக்கு வருத்தம் இல்லை. அவர்களும் வித்தை கற்றவர்கள்தான் என்றார். மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். நாயனம் கற்றுக்கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "மல்லாரி வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன். ராகம் எங்கே வாசிக்கப் போகிறான், சொல்லுங்கள்" என்றார். நேற்று நிறுத்தச் சொன்னார்களே என்று மெல்லக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தோடி எடுத்திருக்கக் கூடாது, சின்னதாக ஏதாவது எடுத்திருக்க வேண்டும். பேனரில் அவர் படத்தைப் பார்த்ததும் கை போய்விட்டது" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பத்து நாள் திருவிழாவில் ஒரே ஓர் இரவை நாயனத்துக்குக் கொடுங்கள். நான் கேட்பது முழுவதும் இதுதான். மற்றதெல்லாம் இதற்குள்ளே வருகிறது. மீதி ஒன்பது நாளும் பட்டிமன்றம் வையுங்கள், இன்னிசைக் கச்சேரி வையுங்கள், வாணம் விடுங்கள். இளைஞர்களுக்கு அது வேண்டும், அதில் தவறில்லை. ஓர் இரவு மட்டும் ஒலிபெருக்கி வேண்டாம். ஜெனரேட்டர் வண்டி வேண்டாம். இப்போதுதான் பேட்டரி விளக்குகள் வந்துவிட்டனவே, சாமிக்கு வெளிச்சம் குறையாது. சுவாமி தூக்கும் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு நேரமாகும் என்று. ஏதாவது ஒரு முக்கில் தாங்குகட்டையைக் கொடுத்துச் சாமியை நிறுத்துங்கள். நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் உட்கார ஜமுக்காளம் போடுங்கள். எந்த ராகம் என்று கேட்காதீர்கள். எவ்வளவு நேரம் என்றும் கேட்காதீர்கள். அவர்கள் இருவரும் முடித்துக்கொண்டு எழுந்த பிறகு சாமி நகரட்டும்.

இப்போதெல்லாம் அவ்வளவு நேரம் யார் நின்று கேட்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். முதல் வருடம் இருபது பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேர் என்னைப் போல வயதானவர்கள். இருக்கட்டும். என் அப்பா என்னைத் தூக்கக் கலக்கத்தில் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கும் ஒன்றும் புரியாது. பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், தூங்கினால் தூங்கட்டும். சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு திருவையாற்றிலிருந்து புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று வெயிலிலும் இரவிலும் சுற்றி வருகிறதே, அதோடு சிறு பிள்ளைகள் நடப்பதில்லையா? பல்லக்கு வரும் வரை தண்ணீர்ப் பந்தலில் கிழவிகள் காத்திருப்பதில்லையா? காத்திருக்க நம் ஜனங்களுக்கு இன்னும் தெரியும்.

நோட்டீஸில் மேளத்துக்கு நேரே பெயரைப் போடுங்கள். நாயனம் இன்னார், தவில் இன்னார், தாளம் இன்னார் என்று ஊர்ப் பெயரோடு போடுங்கள். உள்ளூர்க்காரராக இருந்தால் இன்னும் பெரிய எழுத்தில் போடுங்கள். உங்கள் கோயிலில் முன்பு வாசித்து மறைந்தவர்களின் பெயர்களையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் யாராவது இருக்கிறார்களா? இந்த வாரமே போய்க் கேளுங்கள். நான் தாமதமாகத்தான் கேட்டேன். அந்தப் பெரியவர் பெயரைச் சொல்ல எங்கள் ஊரில் இன்று ஆள் இல்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி ஒப்பாது. அன்றிரவு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கடைசிப் பந்தியில்தான் மேளக்காரர்கள் உட்கார்ந்தார்கள். சாம்பார் தீர்ந்துபோய் ரசமும் மோரும் மட்டும் இருந்தன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம். இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் ராஜரத்தினம் பிள்ளை தன் காலமெல்லாம் நிமிர்ந்து நின்றார். அவர் படத்தை வைத்திருக்கும் ஊரிலாவது மேளக்காரர்கள் முதல் பந்தியில் உட்கார வேண்டும். கூலியை அவர்கள் காத்திருந்து வாங்க வேண்டியிருக்கக் கூடாது. அன்றைய திருவிழாவின் வரவு செலவு நோட்டீஸைப் பிறகு பார்த்தேன். வாணவேடிக்கைக்கு ஆன செலவில் பாதி கூட மேளத்துக்கு ஆகவில்லை.

சின்னக் கோயில்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். தினமும் சந்தி வேளைப் பூஜைக்கு மேளம் வாசிக்க ஆள் வைக்க வருமானம் இல்லை. அதனால் சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் சேர்ந்து அடிக்கும் மோட்டார் மேளத்தை மாட்டியிருக்கிறீர்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ராஜரத்தினம் பிள்ளை மறைந்த டிசம்பர் 12 அன்று மட்டும் அந்தச் சுவிட்சைப் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஒரு செட்டை அழையுங்கள். திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் மாவட்ட இசைப் பள்ளிகளிலும் நாயனமும் தவிலும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசிக்க ஓர் இடம் கிடைத்தால் சந்தோஷமாக வருவார்கள். சாயரட்சையில் ஒரு ராகம் வாசிக்கட்டும். பள்ளியறைக்குச் சாமி போகும்போது நீலாம்பரி வாசிக்கட்டும். கேட்க நான்கு பேர் இருந்தால் போதும்.

எங்கள் ஊர்க் குழுவினரிடம் நான் நேற்றே பேசிவிட்டேன். வைகாசித் திருவிழாவின் ஏழாம் நாள் இரவு, தெற்கு வீதி முக்கு மண்டகப்படி என் உபயம். லோடு ஆட்டோ ஓட்டும் அந்த நாயனக்காரரிடமும் அவர் மைத்துனரிடமும் முன்பணம் கொடுத்துவிட்டேன். நோட்டீஸில் இருவர் பெயரும் முதல் பக்கத்தில் வருகிறது. மகனையும் அழைத்து வருமாறு சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும். அப்பா காலத்துப் பெட்ரோமாக்ஸ் ஒன்று எங்கள் பரணில் இருந்தது. நேற்று இறக்கித் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. மேண்டில் மட்டும் கும்பகோணத்தில் தேடி வாங்க வேண்டும்.

புறப்பாடு இரவு ஒன்பதரைக்கு. சாமி முக்குக்கு வரப் பதினொன்றாகும். உங்களில் யாராவது வந்து ஒரு முறை கேட்க விரும்பினால், ஜமுக்காளம் போதுமான அளவு விரித்திருப்போம். விடிகிற வரைக்கும் இருக்கிறமாதிரி வாருங்கள்.

இப்படிக்கு,
குத்தாலம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்